நெட்டைச் சாமி மேல நாலு குத்தம்

ஆமா ஃபாதர், நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியாம என்ன. பஸ்ஸ விட்டு நீங்க இறங்கறதுக்கு முன்னாடியே சேதி இறங்கிடுச்சு. எங்க நெட்டைச் சாமி மேல மொட்டைக் கடுதாசி போயிருக்கு, ஆயர் வீட்டுலேருந்து பெரிய சாமி ஒருத்தர் விசாரிக்க வர்றாரு, கையோட கூட்டிட்டுப் போயிடப் போறாருன்னு ரெண்டு நாளா இதே பேச்சுதான். ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் சரியில்ல. நம்பி உக்காந்தவங்க யாரும் மரியாதையா எழுந்ததில்ல. இப்படி அடுப்புப் பக்கம் வாங்க. நனைஞ்ச சட்டையும் காயும்.

சாமி இல்லீங்க. மேட்டுப் பண்ணைல ஒருத்தர் கால் ஒடஞ்சு கெடக்கறாரு, அவருக்கு நற்கருணை குடுக்கக் காலையிலயே சைக்கிள்ல கிளம்பிட்டாரு. அந்த சைக்கிள் மேல அவரப் பாக்கணுமே நீங்க. முட்டி ரெண்டும் காதத் தொடும். போறதுக்கு மேடு, தள்ளிக்கிட்டுத்தான் போவாரு. வர்றதுக்கு இறக்கம், அதனால ஒரு மணி நேரத்துல வந்துடுவாரு, வழியில எவனும் புடிச்சு உக்கார வைக்கலன்னா. அதுக்குள்ள என்ன கேக்கணுமோ என்னைக் கேளுங்க. அவர் வந்துட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன்.

நானா? நான் இந்த வீட்டுச் சமையக்காரி. சாவி என் இடுப்புல, கோழி என் பொறுப்புல, கோயில் கூட்டறதும் நான்தான். மூணு சாமியப் பாத்தாச்சு. சாமிங்க மாறுவாங்க, நானும் இந்த அடுப்பும் அப்படியே இருப்போம். கிழங்கு உரிச்சிக்கிட்டே பேசறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. கை சும்மா இருந்தா எனக்கு வாய் ஓடாது.

எப்படிப்பட்டவர்னு கேட்டா என்னத்தச் சொல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்து இறங்கினாரு. ரெண்டே பொட்டி. ஒண்ணுல பொஸ்தகம். இன்னொண்ணத் தொறந்தா, கொசுவலை ஒண்ணு, வெயிலுக்குப் போடற பெரிய தொப்பி ஒண்ணு, பாம்பு கடிச்சா கட்டற கயிறு ஒண்ணு. நம்ம ஊர்ல வருஷத்துல பத்து மாசம் மழையும் குளிரும். கொசு வந்தா அதுக்கே சளி புடிக்கும். கடல் தாண்டி எங்கயோ போறோம்னு யாரோ அவர நல்லாப் பயமுறுத்தி அனுப்பியிருக்காங்க. இப்ப அந்த வலைய நான் அவரைக்கொடிப் பந்தல் மேல போட்டிருக்கேன், கோழி கிட்ட வராது. தொப்பில முட்டை சேக்கறேன். ஒண்ணும் வீணாகல.

அப்புறம் அந்த ஒசரம். இந்த வீட்ட எந்தக் குள்ளன் கட்டினானோ, முதல் வாரத்துல மட்டும் வாசக்கால்ல எத்தனை இடின்னு எண்ண முடியாது. ஒவ்வொரு இடிக்கும் அவங்க பாஷைல ஏதோ சொல்லுவாரு. ஜெபம் சொல்றாருன்னு நெனச்சு நானும் ஆமென் சொல்லிக்கிட்டு இருந்தேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் மனுஷன் வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாரு, அதுக்கெல்லாம் ஆமென் சொல்லக் கூடாதும்மான்னு.

சிரிக்கிறீங்களா? சிரிங்க. விசாரிக்க வந்தவர் சிரிச்சா எனக்குப் பாதி பயம் போயிடும். சரி, கடுதாசி கையிலதான இருக்கு? படிங்களேன். ஒவ்வொண்ணா படிங்க, உள்ளத உள்ளபடி சொல்றேன்.

ம். மணி. கோயில் மணிய நேரத்துக்கு அடிக்கறதில்ல, ஜனங்கள ஏமாத்தறாரு. இதானே? இது உண்மைதான் ஃபாதர், நேரத்துக்கு அடிக்கறதில்லதான். ஆனா முழுக் கதையும் கேட்டுட்டு அப்புறம் எழுதிக்குங்க.

எங்க ஊர்ல எல்லாம் பால் மாடு. பால் வண்டி ஆறு மணிக்கு முச்சந்திக்கு வரும். அந்த வண்டிக்காரன் பெத்த தாய்க்குக் கூட ஒரு நிமிஷம் நிக்க மாட்டான். அஞ்சு மணிக்குத் திருப்பலி மணின்னு பேரு. ஆனா முன்னாடி மணி அடிச்சவரு, பாவம் இப்ப இல்ல, அவரு கால் மணி நேரம் முன்னாலயே அடிச்சுடுவாரு. வருஷக்கணக்கா அப்படித்தான். ஊரே அத வச்சுத்தான் எழும், மாட்டுக்கிட்ட உக்காரும், கேனத் தூக்கிக்கிட்டு முச்சந்திக்குப் போகும். யார் வீட்டுலயும் கடிகாரத்தப் பாத்துப் பால் கறந்ததில்ல. மணி தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், அது தப்பா இருக்கறதுதான் சரின்னும் தெரியும்.

நம்மாளு வந்தாரு. கையில பெரிய கடிகாரம். மூணாவது நாளே கண்டுபுடிச்சுட்டாரு. ஆஹா, கடவுளோட மணி தப்பா அடிக்கலாமான்னு, நாலாவது நாள் தானே போய் கயித்தப் புடிச்சு, டாண்ணு அஞ்சு மணிக்கு அடிச்சாரு. அவ்வளவுதான். ஊரே கால் மணி நேரம் தூங்கிப்போச்சு. கேனத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க முச்சந்திக்குப் போனா, வண்டி போன புகைதான் இருக்கு.

இப்ப நீங்க எங்க ஊரு வழக்கத்தத் தெரிஞ்சுக்கணும். எங்களுக்குக் கோவம் வந்தா சத்தம் போட மாட்டோம். எது கெட்டுப்போச்சோ அத எடுத்துட்டுப் போயி, கெடுத்தவங்க வாசல்ல வச்சிட்டு, வாயத் தொறக்காம வந்துடுவோம். பக்கத்து வீட்டு ஆடு என் கோசுத் தோட்டத்த மேஞ்சா, மிச்சம் இருக்கற தண்ட அவங்க வாசல்ல வைப்பேன். அவங்க காலையில கதவத் தொறந்து பாத்துட்டு, தானா வந்து பேசுவாங்க. சண்டையே கெடையாது. அன்னைக்கும் அதேதான். முப்பத்திரெண்டு கேன் பாலு, வரிசையா, இதோ இந்த வாசல்லேருந்து கேட்டு வரைக்கும். வச்சிட்டு ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாங்க.

சாமி கதவத் தொறந்தாரு. அப்படியே நின்னாரு. கண்ணுல தண்ணி. என்னைக் கூப்பிட்டு, பாருங்கம்மா, நான் வந்து நாலு நாள்தான் ஆகுது, இவங்க வீட்டுல கறந்த அத்தனையும் கொண்டாந்து வச்சிருக்காங்களேன்னு சொல்றாரு! அந்த மூஞ்சியப் பாத்துட்டு உண்மையச் சொல்ல யாருக்கு மனசு வரும்? அத்தோட விட்டாரா? இவ்வளவையும் நான் ஒருத்தன் குடிக்கறது பாவம், ஊருக்கே பங்கு போடுவோம்னு, என்னையும் இழுத்துக்கிட்டு வீடு வீடாப் போனாரு. அவங்கவங்க பாலையே அவங்கவங்களுக்கு ஊத்தி, தலையில கை வச்சு ஆசீர்வாதம் வேற. வாங்கிக்கிட்டவங்க மூஞ்சிங்க எல்லாம் எப்படி இருந்துச்சுங்கறீங்க. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல, எங்க நாட்டுல புதுச் சாமி வந்தா பூ குடுப்பாங்க, நீங்க உங்க உழைப்பையே குடுத்தீங்கன்னு பேசினாரு. ஒருத்தரும் தலைய நிமித்தல. குனிஞ்சு கால் வெரலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

யார் சொன்னாங்கன்னா, நான்தான் சொன்னேன். மூணு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் அவரு சரியா அஞ்சுக்கு அடிக்க, ஊரு தானா முன்னாடியே எழுந்து கறந்துக்கிட்டு இருந்துச்சு. விஷயத்தக் கேட்டதும் முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சாரு. மறுநாள் காலையில போயி, தன் கைக்கடிகாரத்தக் கழட்டி பால் சொசைட்டி வாசல்ல வச்சிட்டு, ஒரு வார்த்தை பேசாமத் திரும்பி வந்துட்டாரு. பாத்தீங்களா? ஊரு வழக்கத்தப் புடிச்சிக்கிட்டாரு மனுஷன். கெடுத்தது எதுவோ அதையே கொண்டு போய் வச்சிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள கடிகாரம் திரும்பி வந்துச்சு, கூடவே ஒரு சட்டி வெண்ணெய். அன்னைலேருந்துதான் ஃபாதர் இவரு எங்க ஊருச் சாமி. இப்ப நாலே முக்காலுக்கே மணி அடிக்கிறாரு. கயித்த இழுக்கும்போது மட்டும், ஆண்டவரே மன்னியும், பொய் மணின்னு முணுமுணுப்பாரு. அது குத்தம்னா எழுதிக்குங்க.

ரெண்டாவது? நாயா. கோயிலுக்குள்ள நாய விடறாரு. விடறாருதான். ஊருக்கு வெளிய ஆட்டுக்காரர் ஒருத்தர் இருக்காரு, பெண்டாட்டி இல்ல, புள்ள குட்டி இல்ல, அந்த நாய் ஒண்ணுதான். அதை விட்டுட்டு எங்கயும் போக மாட்டாரு. போன சாமி நாய உள்ள சேக்க மாட்டேன்னுட்டாரு. அதனால ஒம்பது வருஷம் அவரு வாசல் படியில, மழையில நின்னுக்கிட்டே பூசை பாத்தாரு. இவரு வந்த ரெண்டாவது ஞாயிறு, நற்கருணை குடுத்துக்கிட்டே நேரா வெளிய போனாரு. மழையில நனைஞ்சுக்கிட்டு ஆட்டுக்காரர் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தாரு. நாயும் வந்துச்சு. அத என்ன கழுத்தப் புடிச்சா தள்றது? அடுத்த வாரம் ஏழு நாய். நாய் இருக்கற வீடு எல்லாம், ஆட்டுக்காரனுக்கு ஒரு நியாயம் எங்களுக்கு ஒரு நியாயமான்னு கெளம்பிட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன் ஃபாதர், இந்த மூணு வருஷத்துல பூசையில ஒரு நாய் கொரைச்சதில்ல. கொறட்டை விட்டதெல்லாம் மனுஷங்கதான்.

பிரசங்கம் நாலு நிமிஷத்துல முடிச்சுடறாரு, அதானே மூணாவது? இதுக்குக் கூடவா கடுதாசி போடுவாங்க. போன சாமி ஒரு மணி நேரம் பேசுவாரு. வாரம் பூரா மாட்டுக்கிட்ட மல்லுக்கட்டின ஜனம், நல்லா சாஞ்சு தூங்கிட்டு எழுந்து போகும். இவரு வந்தப்ப இவருக்கு நம்ம பேச்சு சுத்தமா வராது. சனிக்கிழமை சாயங்காலம் இதே இடத்துல நின்னு, பிரசங்கத்த என்கிட்ட சொல்லிக் காட்டுவாரு. தப்பு வந்தா நான் கரண்டியத் தூக்கணும். முதல் மாசமெல்லாம் கரண்டிய இறக்கவே முடியல, கொழம்பு அடி புடிச்சதுதான் மிச்சம். எது தப்பில்லாம வருதோ அத மட்டும் பேசுங்க சாமின்னு நான்தான் சொன்னேன். அது நாலு நிமிஷம் வந்துச்சு. இப்ப பேச்செல்லாம் நல்லாவே வருது, என்னையே மடக்கறாரு. ஆனா நாலு நிமிஷத்த விடல. ஏன்னு கேட்டா, சொல்ல வேண்டியது அவ்வளவுதாம்மா இருக்கு, மிச்சமெல்லாம் சாமியாருக்கு அவரு குரல் மேல இருக்கற ஆசைங்கறாரு. ஐயோ, உங்கள சொல்லல ஃபாதர்.

அப்புறம் அந்தச் சீட்டாட்டம். அதுவும்...

இல்ல, நீங்க இன்னும் படிக்கலதான். எனக்கு எப்படித் தெரியும்னா... வேற என்ன எழுதியிருக்கப் போறாங்க? இந்த மனுஷன்கிட்ட குத்தம்னு தேடினா அவ்வளவுதானே கெடைக்கும். பாருங்க, நாலாவது அதேதான இருக்கு? நான் சொல்லல?

ஆடறாரு. சனிக்கிழமை மத்தியானம், டிராக்டர் ரிப்பேர் பண்றவன் கடையில, அவனும், ரொட்டி சுடறவரும், பள்ளிக்கூட வாத்தியாரும், இவரும். காசு கெடையாது, அத முதல்ல எழுதிக்குங்க. சாமி தோத்தா ஜெயிச்சவன் சொல்ற வீட்டு மாட்டுக் கொட்டாயக் கழுவித் தரணும். மத்தவங்க தோத்தா ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரணும். இவருக்குச் சீட்டு புடிக்கவே வராது. நல்ல சீட்டு வந்தா மூஞ்சி அப்படியே மலர்ந்துடும், எதிர்ல இருக்கறவன் உஷாராயிடுவான். அதனால ஊர்ல பாதிக் கொட்டாய் சாமி கழுவினதுதான். அங்கிய மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, சாணியில நின்னுக்கிட்டு, பாட்டு வேற. ஒரே ஒரு தடவை ரிப்பேர்காரன் தோத்தான். பதினோரு வருஷம் கழிச்சுக் கோயிலுக்கு வந்தான். கடைசி பெஞ்சுல, கையில கிரீசோட. அடுத்த வாரமும் வந்தான். ஏன்டா, இந்த வாரம் நீ தோக்கலயேன்னு கேட்டா, மொறைக்கறான்.

அவ்வளவுதான் நாலும். என்ன ஃபாதர் தலைய ஆட்டறீங்க?

ஒண்ணும் இல்லயா? இதுல ஒண்ணுமே இல்லயா? கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு ஆயருக்கு எழுதிடுவீங்களா? அவரு இங்கயே இருக்கட்டுமா?

இருங்க இருங்க. கத்தி நழுவிடுச்சு. கையில ஒண்ணும் இல்ல, லேசாக் கீறல். விடுங்க, பரவால்ல.

இல்ல ஃபாதர், நான் பேசினது கொஞ்சம் அதிகமாப் போச்சுன்னு நெனக்கிறேன். அவ்வளவு நல்லவர்னு சொல்லியிருக்கக் கூடாது. அவரு கெட்டவர்னு நீங்க எழுதிடக் கூடாதேங்கற பயத்துல, நல்லவர்னு ஒரேயடியாப் போயிட்டேன். எனக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. கிழிக்காதீங்க. அத மடிச்சு மறுபடியும் பையில வைங்க. நான் ஒண்ணு கேக்கறேன். போன சாமி, அந்த ஒரு மணி நேரப் பிரசங்கக்காரர், அவரும் இவரு இருக்கற சாமியார் சபைதான், இவரு நாடுதான். அவரு மேல ஒரு தடவை கடுதாசி போனப்ப என்ன பண்ணீங்க? விசாரணைன்னு சொல்லி, கடல் தாண்டி அவங்க சபையோட தலைமை வீட்டுக்கே அனுப்பினீங்க. மூணு மாசம். அப்புறம் ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. நல்லாக் கன்னம் உப்பி வந்தாரு. இப்பவும் அப்படித்தானே? அந்தத் தலைமை வீட்டுலேருந்து நெட்டைச் சாமியோட அம்மா வீட்டுக்கு எவ்வளவு தூரம் தெரியுமா உங்களுக்கு? நாலு பஸ் ஸ்டாப்பு. அவரே சொல்லியிருக்காரு.

ஆமா, அம்மா இருக்காங்க. சொல்லலயா உங்ககிட்ட? சொல்ல மாட்டாரு.

இந்த ஊர்ல போன்ல சிக்னல் எடுக்கறது ஒரே ஒரு இடத்துலதான், கல்லறைத் தோட்டத்துல, அந்தக் கோடி மூலையில. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு அங்க போயி நின்னு அம்மாகிட்ட பேசுவாரு. அந்தம்மாவுக்குக் காது மந்தம், குரலு பெருசு. அவங்க திட்றது எனக்குக் கோழிக் கூண்டு வரைக்கும் கேக்கும். பாஷை தெரியாதுதான், ஆனா புள்ளையத் திட்றது எந்த பாஷையில இருந்தா என்ன, புரிஞ்சுடும். இவரு போனக் காதுலேருந்து ஒரு முழம் தள்ளிப் புடிச்சிக்கிட்டு சிரிப்பாரு. ஒரு தடவை போன என் கையில குடுத்துட்டாரு. அந்தம்மா ஏதோ கேட்டாங்க, நீளமா. எனக்கு என்ன தெரியும்? சாப்பிட்டாரும்மா, நல்லா சாப்பிட்டாருன்னு சொன்னேன். சாமி அத அவங்க பாஷையில திருப்பிச் சொன்னாரு. அந்தம்மா அழுதுட்டாங்க. அதத்தான் கேட்டிருக்காங்க.

ரெண்டு மாசமா அந்தப் பக்கத்துக் குரல் கேக்கல ஃபாதர். இவரு மட்டும்தான் பேசறாரு. மெதுவா பேசறாரு. ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பச் சொல்றாரு. அப்புறம் ஜெபம். அப்புறம், கொட்டாய் கழுவும்போது பாடுவாரே அந்தப் பாட்டு, அத வாய்க்குள்ளயே பாடறாரு. நான் போய்க் கேட்டேன். அம்மா படுத்துட்டாங்க, தங்கச்சி போனக் காதுல வச்சிக்கிட்டு இருக்கா, கேக்குதான்னு தெரியலன்னாரு. போய்ப் பாத்துட்டு வாங்களேன்னு சொன்னேன். ஆறு வருஷத்துக்கு ஒரு தடவைதாம்மா ஊருக்குப் போகலாம், எனக்கு மூணுதான் ஆயிருக்குன்னாரு. கேட்டா குடுக்க மாட்டாங்களான்னேன். குடுக்கலாம், ஆனா எனக்குப் பதிலா இங்க அனுப்ப ஆளில்ல, நான் விட்டுட்டுப் போனேன்னா இந்தப் பங்குக் கோயிலையே மூடிட்டு, பெரிய பங்கோட சேத்துடுவாங்க, ஆட்டுக்காரர் அவ்வளவு தூரம் நடப்பாரான்னு என்னையே கேக்கறாரு. எல்லா சாமியும் எதையாவது விட்டுட்டுத்தாம்மா வர்றோம்னு சொல்லிட்டு, வெங்காயம் உரிக்கறேன்னு உக்காந்துட்டாரு. நான் அன்னைக்கு வெங்காயமே போடல சமையல்ல.

கோவம் வந்துச்சு ஃபாதர் எனக்கு. யார் மேலன்னு கேக்காதீங்க. உங்க சட்டத்து மேல, அவரு மேல, எல்லாத்து மேலயும்.

எனக்கு என்ன அவ்வளவு அக்கறைன்னு கேக்கறீங்களா? எனக்கும் ஒரு பையன், கப்பல்ல வேலை. இவரு வந்த மூணாவது மாசம் என் வீட்டுக்காரர் போயிட்டாரு. இவரு இங்க வந்து செஞ்ச முதல் அடக்கம் அதுதான். பையனுக்கு லீவு குடுக்கல. நடுக்கடல்ல இருக்கான், என்ன பண்ணுவான். போன்லயாவது அப்பா மூஞ்சியக் காட்டுங்கன்னு கதறினான். குழி வெட்டின இடத்துல சிக்னல் ஒரு கோடு கூட எடுக்கல. நம்ம சாமி என்ன பண்ணாரு தெரியுமா? ஜெபத்த நிறுத்தினாரு. பொட்டியத் தூக்குங்கன்னாரு. வெட்டின குழிய மூடச் சொல்லிட்டு, மழையில எல்லாரையும் நடத்தி, அந்தக் கோடி மூலைக்குக் கொண்டு போயி, அங்க புதுசா வெட்டச் சொன்னாரு. வெட்டி முடியற வரைக்கும், நல்லா ஒரு மணி நேரம், போன அவரே கையில புடிச்சிக்கிட்டு நின்னாரு. ஒசரமாச்சே, அவரு கைய நீட்டினா நல்லா எடுக்கும். என் புள்ள அப்பாவப் பாத்தான், பேசினான், அழுது முடிச்சான். அதுக்கப்புறம்தான் மண்ணு தள்ளச் சொன்னாரு. அதனாலதான் என் வீட்டுக்காரர் மட்டும் வரிசைய விட்டுத் தனியா மூலையில இருக்காரு. அவரு பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் இவரு ஒவ்வொரு ஞாயிறும் பேசறாரு, பதில் வராத போன்ல.

என் புள்ளைக்கு அவ்வளவு செஞ்சவருக்கு அவங்க அம்மா மூஞ்சி போன்ல பத்தாது, நேர்ல வேணும். அவ்வளவுதான் எனக்கு. வேற ஒண்ணுமே வேணாம்.

அதனால கூட்டிட்டுப் போங்க. விசாரணைன்னு சொல்லுங்க, கொஞ்சம் கடுமையாவே சொல்லுங்க. லீவுன்னா வர மாட்டாரு, விசாரணைன்னா கீழ்ப்படிஞ்சுதானே ஆகணும். பங்க விட்டுட்டுப் போனாருன்னு ஆகாது, நீங்க கூப்பிட்டுப் போனதா இருக்கும். அப்படின்னா மூட மாட்டீங்கல்ல? போன தடவை மூடலயே. மூணு மாசம் மணிய நான் அடிக்கிறேன். ஞாயித்துக்கிழமை வாத்தியார் வாசகம் படிப்பாரு, நாங்க ஜெபமாலை சொல்லிக்கறோம். நாயையும் நான் பாத்துக்கறேன். முடிச்சுட்டு, குத்தம் ஒண்ணும் நிரூபணமாகலன்னு எழுதி, எங்களுக்கே திருப்பி அனுப்புங்க. வேற யாரையும் அனுப்பிடாதீங்க, வாசல்ல எத வைக்கறதுன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும்.

சைக்கிள் சத்தம் கேக்குது பாருங்க. அவருதான், அந்த பிரேக்கு இப்படித்தான் கத்தும். சீக்கிரம் சொல்லுங்க ஃபாதர், இந்த நாலும் போதுமா, போதாதா? பொம்பளை விஷயம் எழுதலாமான்னு நெனச்சேன், அவரு பேரே போயிடும். காசு விஷயம் எழுதினா திருப்பி அனுப்பவே மாட்டீங்க. சின்னதாவும் இருக்கணும், உங்கள இவ்வளவு தூரம் வரவைக்கற மாதிரியும் இருக்கணும்னு, ஒரு வாரமா இதே கிழங்குக் கூடையோட உக்காந்து யோசிச்சு யோசிச்சு எழுதினேன், நாலுக்கு மேல எனக்கு வரல. பத்தலன்னா நீங்களே ஒண்ணு சொல்லுங்க, அஞ்சாவதா சேத்து இப்பவே எழுதித் தந்துடறேன்.